93 வயது மாப்பிள்ளை, 17 வயது மணப்பெண்: அமெரிக்கக் கிராமத்து ராணுவ விதவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 டிசம்பர் 16 அன்று மிசூரி மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டு என்ற சிற்றூரில் ஹெலன் வயோலா ஜாக்சன் என்ற மூதாட்டி 101 வயதில் காலமானார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒருவரின் மனைவி என்று அறியப்பட்டவர்களில் கடைசி ஆள் அவர். அந்தப் போர் முடிந்தது 1865-இல். இதைச் சொன்னதும் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றையும், அங்கிருந்து கிளைத்து இன்றைய கிராமத்து ராணுவ விதவைகள் வரை வருகிற கேள்விகளையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

1865-இல் முடிந்த போருக்கு 2020 வரை ஒரு விதவையா? தேதி தப்பாக இருக்குமோ?

தப்பு இல்லை. இரண்டு நீண்ட ஆயுள்களை ஒட்டுப் போட்டால் கணக்கு சரியாக வரும். ஜேம்ஸ் போலின் 14-ஆவது மிசூரி குதிரைப்படையில் சிப்பாயாக இருந்தவர். 1936 செப்டம்பர் 4 அன்று ஹெலனை மணந்தபோது அவருக்கு 93 வயது, ஹெலனுக்கு 17. 1939 ஜூனில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஹெலன் 81 ஆண்டுகள் இருந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

17 வயதுப் பெண்ணைக் கிழவருக்குக் கட்டிக் கொடுத்தார்களா? இது கொடுமை இல்லையா?

“கட்டிக் கொடுத்தார்கள்” என்ற சொல் இங்கே பொருந்தாது. ஹெலன் வீட்டில் பத்துப் பிள்ளைகள். நயாங்குவா என்ற ஊர்ப்பக்கம் மனைவியை இழந்து தனியாக இருந்தார் போலின். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவர் வீட்டில் எட்டிப் பார்த்து வேலைகளைச் செய்து கொடுத்துவிட்டு வா என்று பெண்ணை அனுப்பியது அவளுடைய அப்பாதான். போலினுக்கோ யாரிடமும் சும்மா எதையும் வாங்கிப் பழக்கமில்லை. கூலி கொடுக்கக் கையில் காசும் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் மத்திய அரசின் போர் பென்ஷன். என்னைக் கல்யாணம் செய்துகொள், நான் போன பிறகு அந்தப் பணம் உனக்கு வரும் என்றார்.

அவர் வீட்டிலேயே சில சாட்சிகள் முன்னால் கல்யாணம் நடந்தது. போலின் தன்னுடைய பைபிளில் அதை எழுதி வைத்தார். அவ்வளவுதான். ஹெலன் தன் வீட்டில், தன் பெற்றோருடன், தன் அப்பாவின் குடும்பப் பெயரோடு வாழ்க்கையைத் தொடர்ந்தார். அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்தவில்லை.

என்னைக் கேட்டால் இது சம்பளப் பாக்கி. கொடுக்க முடியாத கூலியைத் தான் செத்த பிறகு அரசாங்கம் கொடுக்கும்படி ஒரு கிழவர் செய்துவைத்த ஏற்பாடு. கொடுமை என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் எதிர்காலத்துக்கு இதைவிட நல்ல வழி தெரியாத அந்த 1930-களின் பஞ்சத்தைச் சொல்வேன்.

சரி, அந்த பென்ஷனை வாங்கினாரா?

ஒரு காசுகூட வாங்கவில்லை. விண்ணப்பமே போடவில்லை. கிழவர் இறந்ததும் அவருடைய மகள்களில் ஒருவர் ஹெலனை மிரட்டினார்: பென்ஷன் கேட்டால் உன் பெயரை ஊர் முழுக்க நாறடிப்பேன் என்று. 1939-இல், மிசூரியின் மலைக்காட்டுக் கிராமத்தில், இருபது வயதுப் பெண்ணிடம் சொத்து என்று இருந்தது பெயர் ஒன்றுதான். ஹெலன் வாயை மூடிக்கொண்டார். 2017 கடைசியில் தன் இறுதிச் சடங்குக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் போதகரிடம் முதன்முறையாக விஷயத்தைச் சொன்னார். அதற்குள் மிரட்டியவர், சாட்சி நின்றவர் என்று யாருமே உயிரோடு இல்லை.

இது ஒரு விதிவிலக்கா, இல்லை, இப்படி நிறையப் பேர் இருந்தார்களா?

நிறையப் பேர். பெயர் தெரிந்த சிலரை மட்டும் சொல்கிறேன்.

மாடி ஹாப்கின்ஸ், ஆர்கன்சா மாநிலம். இவரும் பத்துப் பிள்ளைகளில் ஒருத்தி. வில்லியம் கான்ட்ரெல் என்ற 86 வயது முன்னாள் படைவீரருக்குத் துணி துவைத்து வீடு பெருக்கப் போனார். என்னைக் கடைசி வரை பார்த்துக்கொள், வீட்டையும் நிலத்தையும் உனக்கு எழுதி வைக்கிறேன் என்றார் அவர். 1934 பிப்ரவரியில் கல்யாணம். மாடிக்கு 19 வயது. மூன்று வருஷத்தில் கிழவர் காலமானார். வீடு வந்தது, நிலம் வந்தது, பென்ஷன் நின்றுபோனது. கிழவர் விட்டுப்போன ஒரு சின்னக் கோவேறு கழுதையைப் பூட்டி, தானே உழுது, காய்கறி போட்டுச் சாப்பிட்டதாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அப்போதும் அவரைக் கணவர் என்று சொல்லாமல் “மிஸ்டர் கான்ட்ரெல்” என்றே குறிப்பிட்டார். மாடியும் பல பத்தாண்டுகள் இதை வெளியே சொல்லவில்லை. 2008-இல் 93 வயதில் காலமானார்.

அலபாமாவின் ஆல்பர்ட்டா மார்ட்டின் கதை வேறு மாதிரி. வாரத்துக்குப் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையோடு விதவையானவர். பக்கத்தில் இருந்த 81 வயது வில்லியம் ஜாஸ்பர் மார்ட்டினுடன் வேலியோரம் நின்று பேசிப் பழக்கம். அவருக்கு மாதம் 50 டாலர் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. 1927-இல் மணந்தார்கள், ஒரு மகனும் பிறந்தான். 1931-இல் கிழவர் இறந்த இரண்டே மாதத்தில் அவருடைய பேரனையே ஆல்பர்ட்டா மணந்துகொண்டார்! ஊர் என்ன பேசியிருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. ஆனால் அந்த மணம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

டென்னசியின் கெர்ட்ரூட் ஜேன்வே இதில் எதிலும் சேராதவர். தனக்கு 18 வயது ஆகிறவரை அம்மா கையெழுத்துப் போட மறுத்ததால் மூன்று வருஷம் காத்திருந்து, 1927-இல் 81 வயது ஜான் ஜேன்வேயை மணந்தார். உள்நாட்டுப் போரில் மத்திய அரசின் பக்கம் நின்ற வடக்குப் படை வீரரின் விதவையாக பென்ஷன் வாங்கிய கடைசி ஆள் இவர்தான். மாதம் 70 டாலர். பிளெய்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில், கணவர் வாங்கிய மரக்கட்டை வீட்டிலேயே இருந்து 2003 ஜனவரியில் காலமானார்.

விதவைகளுக்கு பென்ஷன் என்பது எப்போது தொடங்கியது? தொகை எவ்வளவு?

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1862-இல் சட்டம் வந்தது. சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். கணவர் போரிலோ போரால் வந்த காயத்திலோ நோயிலோ இறந்திருக்க வேண்டும். 1890-இல் விதி தளர்ந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக இறந்திருந்தாலும் ஏழை விதவைக்குப் பணம் உண்டு, ஆனால் அந்த வருஷம் ஜூன் 27-க்கு முன் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். இந்தத் தேதிக்கோட்டை நாடாளுமன்றம் பிற்பாடு 1905-க்கு நகர்த்தியது, அப்புறமும் தளர்த்தியது.

1890-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்த பென்ஷன்களுக்கே போனது. அந்தக் கணக்குவழக்கைப் பார்க்கவென்று வாஷிங்டனில் ஒரு பிரம்மாண்டக் கட்டடம் கட்டினார்கள். சுற்றிலும் 1,200 அடி நீளத்துக்குச் சுடுமண்ணில் சிப்பாய்கள் அணிவகுத்துப் போவார்கள். இப்போது அது கட்டடக்கலை அருங்காட்சியகம்.

கல்யாணப் பதிவே இல்லாத கிராமங்களில் மனைவி என்பதை எப்படி நிரூபித்தார்கள்?

குடும்ப பைபிளை வைத்துத்தான். அன்றைய பைபிள்களின் நடுவே பிறப்பு, மணம், இறப்பு எழுத வெற்றுத் தாள்கள் இருக்கும். அந்தத் தாளைக் கிழித்து பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பியது திரும்பி வரவில்லை. இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் அப்படியே செருகிக் கிடக்கின்றன. போர்முனையிலிருந்து கணவன் எழுதிய கடிதங்களும் அப்படித்தான். எட்டு டாலருக்காக ஒரு பெண் தன்னிடமிருந்த ஒரே கடிதத்தை உறையில் போட்டு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

கறுப்பினச் சிப்பாய்களின் மனைவிகளுக்கு பைபிள் தாளும் கிடையாது. அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் ஏற்றதே இல்லை. 1864-இல் நாடாளுமன்றம் இதற்கென்று ஒரு வழி செய்தது: கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததை நம்பகமான இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும். அந்த இரண்டு பேரைத் தேடுவதுதான் பாடு. முன்பு எந்தத் தோட்டத்தில் சேர்ந்து இருந்தார்களோ அங்கிருந்தவர்களெல்லாம் போரில் சிதறிப் போயிருந்தார்கள். சில சமயம், முன்னாள் எஜமானனே சாட்சியாக வந்து நிற்க வேண்டியிருந்தது.

ஊர்வம்பு பென்ஷனைப் பாதித்ததா?

பாதித்தது, அதுவும் சட்டப்படி. மறுமணம் செய்தால் விதவை பென்ஷன் போய்விடும். அதனால் சில பெண்கள் கல்யாணம் செய்யாமலே ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். 1882-இல் அதற்கும் பூட்டுப் போட்டார்கள்: வெளிப்படையாக வேற்று ஆணோடு வாழ்ந்தால் பென்ஷன் ரத்து. இதை யார் கண்டுபிடிப்பது? சிறப்பு விசாரணை அதிகாரிகள் கிராமம் கிராமமாகப் போய், பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், தேவாலயப் பெண்கள் எல்லாரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். அவள் வீட்டு முன் ராத்திரியில் யார் குதிரை நின்றது என்பது அரசாங்கக் கோப்பில் ஏறியது. ஒரு விதவையைப் பிடிக்காத அண்டை வீட்டுக்காரர் ஒருவர் போதும், விசாரணை தொடங்கிவிடும்.

ஹெலன் ஏன் விண்ணப்பம் போடாமல் விட்டார் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சட்டத்தைத்தான் சுட்டிக்காட்டுவேன். ஒரு விதவையின் நடத்தை பற்றி ஊர் வாய்க்கு இருந்த பலம், அவர் பிறப்பதற்கு முப்பது நாற்பது வருஷம் முன்பே அரசாங்க முத்திரையோடு நிலைநாட்டப்பட்டிருந்தது.

தோற்ற பக்கமான தெற்குப் படையினரின் விதவைகளுக்கு?

மத்திய அரசு கொடுக்கவில்லை. அதை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் அல்லவா? அந்தந்தத் தென்மாநிலங்கள் தங்களால் முடிந்த சிறு தொகையைக் கொடுத்தன. 1958-இல்தான் மத்திய அரசு அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அப்போது பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டிருந்தார்கள்.

இரு பக்கமும் நின்றவர்களும் உண்டு. வட கரோலினாவின் மோஸ் டிரிப்லெட் முதலில் தெற்குப் படையில் இருந்து, தப்பி ஓடி, வடக்குப் படையில் சேர்ந்தார். அந்தப் பக்கம் மாறியது அவர் குடும்பத்துக்கு அடுத்த தலைமுறை வரை சோறு போட்டது என்றே சொல்லலாம். 83 வயதில் அவருக்குப் பிறந்த மகள் ஐரீன் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் என்பதால் அந்தப் போரின் பென்ஷனை 2020 மே 31 வரை, அதாவது சாகும்வரை வாங்கினார். மாதம் 73 டாலர் 13 சென்ட். மோஸ் 1938-இல் கெட்டிஸ்பர்க் போரின் 75-ஆம் ஆண்டுக் கூடலுக்குப் போய்வந்த சில நாட்களில் இறந்தார். அவர் மனைவியும் ஐரீனும் அதன்பின் பல ஆண்டுகளைக் கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஏழைகள் இல்லத்தில் கழித்தார்கள். பென்ஷன் வந்தும் இதுதான் நிலைமை.

அன்றைய கிராமத்தில் ஒரு விதவையின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். 1935-இல் கிராம மின்மயமாக்கல் அமைப்பு வந்த பிறகே கம்பிகள் உள்ளே நுழைந்தன. ஆகவே தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது, துணியைத் தொட்டியில் போட்டுக் கசக்குவது எல்லாம் கையால். ஆண் துணை இல்லாத வீட்டில் உழவுக்கு ஆள் பிடிக்க வேண்டும், அல்லது நிலத்தை வாரத்துக்கு விட வேண்டும். பருத்தி விலையும் சோள விலையும் பாதாளத்தில் கிடந்த காலத்தில் மாதம் பிறந்தால் தபாலில் வருகிற ஒரு காசோலை எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அந்தக் காசோலை வரும் வீடு எது என்று ஊருக்கே தெரியும்.

இன்றைய நிலை என்ன? இப்போதும் எட்டு டாலர்தானா?

நல்லவேளை, இல்லை. பணியால் வந்த காயத்தாலோ நோயாலோ இறந்த படைவீரரின் மனைவிக்கு முன்னாள் படைவீரர் நலத்துறை மாதந்தோறும் ஈட்டுத்தொகை தருகிறது. 2025-இல் அடிப்படைத் தொகை 1,653 டாலர் 7 சென்ட்டாக இருந்தது, வரி கிடையாது. கணவர் இறப்பதற்கு முன் குறைந்தது எட்டு ஆண்டுகள் முழு ஊனமுற்றவராக மதிப்பிடப்பட்டிருந்து, அவ்வளவு காலமும் இருவரும் தம்பதியாக இருந்திருந்தால் கூடுதலாக ஒரு தொகை உண்டு, 2025-இல் அது 351 டாலர் சொச்சம். வருமானம் மிகக் குறைந்த விதவைகளுக்கு வேறொரு பென்ஷனும் இருக்கிறது.

கிராமத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்றால், முன்னாள் படைவீரர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கிராமப்புறத்தில்தான் வசிக்கிறார். இப்போது விதவையாகிறவர்களில் பலர் வியட்நாம் போருக்குப் போனவர்களின் மனைவிமார்.

மனு எதனால் தள்ளுபடியாகிறது?

பல நேரம் இறப்புச் சான்றிதழால். வியட்நாமில் இருந்தவருக்குச் சர்க்கரை நோய், இதய ரத்தக்குழாய் நோய், பார்க்கின்சன் நோய் போன்றவை வந்திருந்தால் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லியால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2022 ஆகஸ்டில் வந்த சட்டம் அந்தப் பட்டியலில் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. ஆனால் சான்றிதழ் எழுதுபவர் அவசரத்தில் “இதயம் நின்றது” என்று மட்டும் எழுதிவிட்டால்? எல்லா மனிதருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். பின்னணியில் இருந்த நோய்க்குத் தனி வரி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. அது காலியாகக் கிடந்தால் விதவை பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், மருத்துவமனையோ மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போகிற தூரத்தில் இருக்கும். அன்றைக்கு பைபிள் தாள், இன்றைக்கு இந்த ஒரு வரி.

இன்னொன்று: ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால் இறந்த மாதத்திலிருந்தே கணக்கிட்டுத் தருவார்கள். தாமதித்தால் மனு போட்ட தேதியிலிருந்துதான். துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

மனு எழுத யாரிடம் போவது? தரகர் கேட்கும் பணத்தைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பெரும்பாலான கவுன்டிகளில் படைவீரர் சேவை அதிகாரி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் நீதிமன்றக் கட்டடத்தின் ஏதாவது ஒரு மூலை அறையில். சேவை இலவசம். முதல் மனுவுக்குக் கட்டணம் வாங்குவதே விதிமீறல். இது புதிய தொல்லையும் அல்ல: உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே மனு முகவர்கள் விதவைகளைச் சுரண்டியதால்தான் 10 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று 1864-இல் உச்சவரம்பு போட்டார்கள்.

மறுமணம் செய்தால் தொகை போய்விடுமா?

55 வயதுக்கு முன் செய்தால் போகும். 2021 ஜனவரி 5 வரை அந்த எல்லை 57 ஆக இருந்தது. 40 வயதில் விதவையான பெண் இன்னொருவரோடு வாழ விரும்பினால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஊரார் பார்வையில் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து இருப்பது பாவமா, மாதாமாதம் வருகிற அந்தத் தொகையை விடுவது முட்டாள்தனமா என்ற அந்த 1882 குழப்பம் முழுக்கத் தீரவில்லை.

இன்றைக்கும் பென்ஷனுக்காகக் கிழவரைக் கட்டிக்கொள்ள முடியுமா?

சாகும் தறுவாயில் கட்டிக்கொண்டால் பலன் இல்லை. குறைந்தது ஒரு வருஷம் தம்பதியாக இருந்திருக்க வேண்டும், அல்லது இருவருக்கும் பிள்ளை இருக்க வேண்டும், அல்லது அந்த நோயோ காயமோ வந்த பணிக்காலம் முடிந்த 15 ஆண்டுகளுக்குள் மணந்திருக்க வேண்டும்.

இறுதிச் சடங்கில் முக்கோணமாக மடித்த கொடி தருவார்களே, அது எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் ஊர் தபால் நிலையத்திலிருந்து! படிவம் ஒன்றைக் கொடுத்தால் கவுன்டரிலேயே எடுத்துத் தருவார்கள். ஐந்தடி அகலம், ஒன்பதரை அடி நீளம். வீட்டுக் கம்பத்துக்குப் பொருந்தாது, சவப்பெட்டியை மூட என்றே தைத்தது. குறைந்தது இரண்டு சீருடையினர் வந்து அதை மடித்து, நட்சத்திரங்கள் மட்டும் தெரியும்படி மனைவியின் மடியில் வைப்பார்கள். அதற்கு முன் எக்காளத்தில் இறுதி மெட்டு. எக்காளம் ஊதத் தெரிந்தவர்கள் போதாததால், குழலுக்குள் பொருத்தும் ஒரு சிறிய ஒலிக்கருவியை 2003 முதல் பயன்படுத்துகிறார்கள். சீருடைக்காரர் பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்து நிற்பார், பதிவு பாடும். மக்காச்சோள வயலை ஒட்டிய சிறு கல்லறைத் தோட்டத்தில், பத்தடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சிலருக்கு இது போலியாகப் படுகிறது. மௌனத்தைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

மனைவியையும் அதே குழியில் புதைக்கலாமா?

தேசியக் கல்லறை என்றால் புதைக்கலாம், செலவு அரசாங்கத்துடையது. மனைவி முன்னால் போய்விட்டாலும் சரி, அவருக்குத்தான் முதலில் இடம். கணவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார். மறுமணம் செய்த விதவைக்கும் இப்போது இந்த உரிமை உண்டு. ஆனால் கிராமத்தார் பலர் சொந்தத் தேவாலயத் தோட்டத்தையே விரும்புகிறார்கள். அங்கே கணவருக்கு மட்டும் அரசு இலவசமாகக் கல் தரும். மனைவிக்கென்று தனிக் கல் தராது. தேசியக் கல்லறையில் இருவருக்கும் ஒரே கல். முன்பக்கம் அவர் பெயர், படைப்பிரிவு, போர். மனைவியின் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும்.